உப்பளத்து வெயிலுக்கு எந்த பிலிம்

பத்து வருஷமா தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்துக்கிட்டு வர்றேன். சின்னக் கேமராவில் இல்லை. முக்காலியில் நிறுத்தி, கருப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்து, ஒரு தடவைக்கு ஒரு தாள் பிலிம் மட்டும் செருகி எடுக்கிற மரப்பெட்டிக் கேமரா. தாள் நாலுக்கு அஞ்சு அங்குலம். பழைய ஸ்டுடியோக்காரர்கள் இதைக் கட் பிலிம் என்பார்கள். 'தமிழ் எம்.ஏ. படிச்சிட்டு, சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிக்கிட்டு இருந்தவளுக்கு இந்தப் பெட்டி எதுக்கு, செல்போன்லயே எடுத்துரலாமே' என்று தோழர்கள் கேட்கிறார்கள். எடுத்துரலாம்தான். ஆனால் எதை இருட்டில் விடுவது, எதை வெளுக்க விடுவது என்பதைச் செல்போன் தானாகவே முடிவு பண்ணிக்கொள்ளும். அந்த முடிவு என் கையில் இருக்கணும்னு நினைக்கிறேன். அந்த முடிவில் பாதி, எந்த பிலிமைப் போடுவது என்பதிலேயே அடங்கியிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

உப்பளம் என்றதும் உங்களுக்கு ஒரு படம் ஞாபகம் வரும். காலண்டரில் பார்த்திருப்பீர்கள், போட்டியில் பரிசு வாங்கின படங்களின் வரிசையில் பார்த்திருப்பீர்கள். வானம் கருகருவென்று இருக்கும். உப்பு அம்பாரம் வெள்ளை வெளேரென்று இருக்கும். நடுவில் தலைச்சுமையோடு பெண்கள் வரிசையாகப் போவார்கள், எல்லோரும் வெறும் கருத்த நிழலுரு. அழகா இருக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா ஒருத்திக்கும் முகம் கிடையாது. ஒரு புகைப்படக் கழகத்தில் என் படங்களைக் காட்டியபோது பெரியவர் ஒருத்தர், 'நிழல்ல இவ்வளவு விவரம் எதுக்கும்மா, கருப்பா விட்டிருந்தா டிராமா வந்திருக்குமே' என்றார். இதே விஷயத்தை உப்பளத்தில் ஒரு அக்கா வேறு மாதிரி சொன்னாள். 'போன வருஷம் ஒருத்தன் வந்து எடுத்துட்டுப் போனாம்ட்டி. பேப்பர்ல வந்துச்சு. பாத்தா எல்லாம் கரிக்கட்டையா நிக்கோம். ஆரு நான், ஆரு இவன்னு எங்களுக்கே தெரியல.' அழகியல் பற்றி நான் படித்த கட்டுரைகளை எல்லாம் விட இந்த ஒரு பேச்சு எனக்கு உபயோகமாக இருந்தது.

உப்பளத்தில் வேலை வெயிலுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். விடியக்காலம் மூணு மணிக்கெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். எங்கம்மாவும் அப்படிப் போனவள்தான். பத்து பத்தரைக்கு ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார்கள். நான் எடுக்க விரும்புவது அந்த நேரத்தை. கொட்டகை வாசலுக்கு வெளியே பாத்தியும் வரப்பும் அம்பாரமும் வானமும், உள்ளே சாப்பிடுகிற மனுசிகள். ரெண்டும் ஒரே தாளில் வரணும்.

என்னிடம் ஒரு ஸ்பாட் மீட்டர் இருக்கிறது. ஒரு டிகிரி அகலத்துக்கு மட்டும் வெளிச்சத்தை அளக்கும். வெயில் படுகிற அம்பாரத்தின் மேல் வைத்தால் 17 காட்டும். கொட்டகைக்குள் இருக்கிற ஒரு கருத்த கன்னத்தின் மேல் வைத்தால் 8 காட்டும். இடையில் ஒன்பது ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, அடுத்தது நாலு, அடுத்தது எட்டு. ஒன்பது ஸ்டாப்புக்கு 512 மடங்கு ஆகிறது. ஒரே சட்டத்துக்குள் 512 மடங்கு வித்தியாசம். கான்ட்ராஸ்ட் என்று நாங்கள் சொல்லுவது இதைத்தான். எங்களுக்கு இது ஒரு கணக்கு. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இது கண். வருஷக்கணக்கா அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து எங்கம்மாவுக்கு வலது கண்ணில் சதை வளர்ந்து அறுக்க வேண்டியதாயிற்று.

இந்த அளவை பிலிமில் எப்படி அடக்குவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் ஆன்ஸல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கலைப்பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறபோது வகுத்தது. ஸோன் சிஸ்டம் என்று பேர். முழுக் கருப்பு பூஜ்யம், முழு வெள்ளை பத்து, நடுச்சாம்பல் ஐந்து. மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை ஐந்து என்றே எண்ணிக்கொள்ளும். மூன்றில் வைத்தால்தான் இருட்டுக்குள் இருக்கிற பொருளின் விவரம் காகிதத்தில் வரும். நிழலுக்காக வெளிச்சம் கொடு, வெள்ளைக்காக டெவலப் பண்ணு என்பது சூத்திரம். ஏனென்றால் நிழலில் எவ்வளவு வெள்ளி படியும் என்பது கேமராவுக்குள்ளேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. டெவலப்பரில் எத்தனை நேரம் போட்டாலும் அங்கே இல்லாததை வரவழைக்க முடியாது. வெள்ளைப் பகுதி அப்படியில்லை. டெவலப் பண்ணுகிற நேரத்தைக் குறைத்தால் அது அடங்கும்.

ஆடம்ஸின் 'தி நெகட்டிவ்' புத்தகத்தில் எந்த ஸோனுக்கு என்னென்ன பொருள் என்று ஒரு பட்டியல் உண்டு. வெயிலில் நிற்கும் வெள்ளைக்காரர் தோல் ஆறு. கருத்த தோல் ஐந்தில் இருக்கிறது, சாம்பல் கல்லோடும் வெயில் மழை பட்ட மரத்தோடும் சேர்ந்து. இதைப் படித்துவிட்டு ஒரு தோழர் கொதித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அது எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்கிற கணக்குத்தானே. ஆனால் கணக்கின் விளைவைக் கவனிக்கணும். வெயிலில் ஐந்தில் இருக்கிற முகம் கொட்டகை நிழலுக்குள் போனால் இரண்டு, ஒன்று என்று இறங்கிவிடும். ஃபோட்டோ சொல்லிக்கொடுக்கிறவர்கள் கருப்பாகப் போனால் போகட்டும் என்று விடுகிற இடம் அது. பாறையின் இடுக்கு கருத்துப்போனால் நஷ்டம் இல்லை. எங்களுக்கு அந்த இடத்தில் முகம் இருக்கிறது.

நிலத்தை ஆள் இல்லாமல் காட்டுகிற பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடம்ஸ் எடுத்த யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் மனுசனே இல்லை என்று தோன்றும். 1851-ல் படை போய்ப் பூர்வகுடிகளை விரட்டின இடம் அது. அதற்குப் பிறகும் மிச்சம் மீதி பேர் அங்கேயே இருந்தார்கள், அவர்களுடைய கடைசிக் குடியிருப்பு 1969-ல்தான் இல்லாமல் ஆக்கப்பட்டது. இதே ஆடம்ஸ்தான் 1943-ல் மான்சனார் முகாமில் அடைத்து வைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களையும் எடுத்தார், அதையும் சொல்லணும். நம்ம இலக்கணத்தில் நிலம் என்றால் அதில் ஆளும் தொழிலும் உணவும் கருப்பொருளாக உண்டு என்று பெருமைப்படலாம். எம்.ஏ.வில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியதையும் நாமேதான் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நெய்தலில் உப்பு உண்டு, உமணர் வண்டி உண்டு. பாத்தியில் நிற்கிறவள் விளிம்பில் இருப்பாள்.

சரி, பிலிமுக்கு வருவோம்.

தாள் பிலிம் ஏன் என்றால், சுருளில் முப்பத்தாறு படமும் ஒரே டெவலப்பரில் ஒரே நேரம்தான் கிடக்க முடியும். தாளை ஒவ்வொன்றாக, அதனதன் வெயிலுக்குத் தக்கபடி டெவலப் பண்ணலாம். காலை ஆறு மணித் தாளுக்கு ஒரு நேரம், பதினோரு மணித் தாளுக்கு வேறு நேரம். அதோடு தாள் பெரிசு. 35 மில்லிமீட்டர் படத்தைப்போல ஏறக்குறைய பதினைந்து மடங்கு பரப்பு. அதனால் துகள் தெரியுமோ என்கிற பயம் இல்லாமல் வேகமான 400 பிலிமைப் போடலாம். வேகம் எதுக்குன்னா, கொட்டகைக்குள்ளே லென்ஸை எஃப் 22-க்கு மூடி வைத்து 400 பிலிமை 200 என்று கணக்குப் போட்டால் கால் செகண்டு ஆகிறது. 100 பிலிமை அதேபோல 50 ஆக்கினால் முழு செகண்டு. சாப்பிடுகிற ஒருத்தியைக் கால் செகண்டு அசையாம இருக்கா என்று கேட்கலாம். கடற்காத்தில் ஓலையும் கேமராவின் துருத்தியும் ஆடுகிற இடத்தில் ஒரு செகண்டு ரொம்ப நீளம்.

ஒவ்வொரு பிலிமுக்கும் கம்பெனிக்காரர்கள் ஒரு வளைகோடு போட்டுத் தருகிறார்கள். எவ்வளவு வெளிச்சத்துக்கு எவ்வளவு வெள்ளி படியும் என்கிற படம். அதன் அடியில் கால், மேலே தோள், நடுவில் நேர்கோடு. விளம்பரத்தைப் படிக்காதீர்கள், அந்தக் கோட்டைப் படியுங்கள். நம்ம முகங்கள் இருப்பது காலில். அம்பாரம் இருப்பது தோளில்.

கோடாக்கின் ட்ரை-எக்ஸ் செய்திப்படக்காரர்கள் கொண்டாடுகிற பேர். ஆனால் சுருளில் வருவது 400, தாளில் வருவது 320. பேர் ஒன்று, ஆள் வேறு. 320-க்குக் கால் நீளம், மேலே போகப்போக ஏற்றம் செங்குத்து. நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வெள்ளைகள் பிரிந்து எகிறும். ஸ்டுடியோவில் இது நல்ல குணம், அங்கே விளக்கு நம்ம கையில் இருக்கிறது. உப்பளத்து வெயில் யார் கையிலும் இல்லை. நான் அதை இந்த வேலைக்குப் போடுவதில்லை.

ஆர்த்தோ பிலிம் என்று ஒன்று, சிவப்புத் தெரியாத பிலிம். திறந்த வெளியில் நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம், அதனால் ஆர்த்தோவில் நிழல் திறந்துகொள்ளும், கான்ட்ராஸ்ட் குறையும் என்பார்கள். சரியான பேச்சுதான். ஆனால் பழுப்புத் தோலையும் செம்மண்ணையும் அது இன்னும் கருப்பாக்கும். நிழலைத் திறந்து அதில் இருக்கிறவளை மூடுகிற பிலிம். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் இந்தக் கருப்பை நெகட்டிவில் பென்சில் பூசிச் சரிசெய்தார்கள். நெகட்டிவில் கரி ஏறினால் காகிதத்தில் அந்த இடம் வெளுக்கும். கல்யாணத்துக்குக் காட்டுகிற போட்டோவில் எத்தனை பேரின் கன்னம் அப்படி வெளுத்தது என்று நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் தெரியும். கையில் காசில்லாதவர்கள் எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் போடுகிறார்கள், நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். மலிவு. ஆனால் அதுவும் சிவப்புக் குருடு, கான்ட்ராஸ்டும் அதிகம், ரெண்டு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் தொட்டால் கீறும்.

எனக்குத் தோதுப்பட்டவை ரெண்டு. ஒன்று இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ். நிதானமான பிலிம். வெயிலும் வெளி நிழலும் மட்டும் இருக்கிற இடத்தில், ஆறு ஏழு ஸ்டாப்புக்குள், நேரம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் கைவிடாது. மேலே தோள் மெதுவாக வளைவதால் அம்பாரம் முரட்டுத்தனமாக வெளுக்காது. ஆனால் அந்த வளைவே ஒன்பது ஸ்டாப் ஆகும்போது வினை. அம்பாரத்தின் மேல் உப்புக்கல் ஒன்றுக்கொன்று பிரியாமல் சுண்ணாம்புச் சுவராகிவிடும். அது சுவர் இல்லையே, ஒவ்வொரு கல்லும் வாரி எடுத்தது. கொட்டகைக்கு உள்ளிருந்து வெளியே பார்த்து எடுக்கிற படங்களுக்கு கோடாக்கின் டி-மேக்ஸ் 400, 2007-ல் திருத்தி வெளியிட்டது. கால் குட்டை, நேர்கோடு நீளம், தோள் எங்கேயோ மேலே. கன்னத்தை மூன்றாம் ஸோனில் வைத்தால் அம்பாரம் பன்னிரண்டில் போய் விழுகிறது. பன்னிரண்டு என்று காகிதத்தில் ஒன்று கிடையாது. ஆனால் டி-மேக்ஸ் அந்த உயரத்திலும் கல்லைக் கல்லாகப் பிரித்து வைத்திருக்கும். டெவலப்பை வழக்கமான நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்து மேலே இருப்பதை இறக்குவேன். நேரத்தைக் குறைத்தால் பிலிமின் வேகமும் கொஞ்சம் குறையும், அதனால்தான் 400-ஐ 200 என்று கணக்குப் போடுவது. மிச்சத்தை என்லார்ஜரில் அம்பாரத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டிச் சரிசெய்கிறேன்.

சிவப்புக் கண்ணாடி மட்டும் வேண்டாம். வானத்தைக் கருப்பாக்க அதைப் போடுகிறார்கள். நீலத்தை வடிகட்டுவதால் வானத்தோடு நிழலும் கருத்துப்போகும், நிழலுக்கு வெளிச்சமே நீலத்தில் இருந்துதானே வருகிறது. காலண்டர் படத்தின் கருவானமும் முகமில்லாத பெண்களும் பாதி அந்த ஒரு கண்ணாடியின் வேலை. மேகம் பிரியணும்னா வெளிர் மஞ்சள் போதும். இன்னொன்று, சுத்தி வெள்ளையா இருப்பதால் லென்ஸுக்குள் சிதறுகிற வெளிச்சம் நிழலைப் பால்போல மூடும். ஹோல்டரில் இருந்து உருவின தகட்டையே லென்ஸுக்கு மேலே குடைபோலப் பிடித்துக்கொள்வேன்.

நிழலை விவரமாகக் காட்டணும் என்றால் எல்லாத்தையும் சாம்பலாக்கணும் என்று அர்த்தம் இல்லை. அமெரிக்கக் கருப்பினப் புகைப்படக்காரர் டாவுட் பே, அடிமைகள் தப்பிப் போன வழிகளை ஒஹாயோவில் எடுத்து 2017-ல் ஒரு வரிசை செய்தார். பகலில் எடுத்து, இரவுபோல இருட்டாகப் பிரிண்ட் போட்ட நிலக்காட்சிகள். அந்த இருட்டுக்குள் இலையும் வேலியும் வீடும் இருக்கின்றன, நின்று பார்க்கப் பார்க்கத் தெரியும். நெகட்டிவில் இருப்பதைக் காகிதத்தில் இருட்டாக்கலாம். நெகட்டிவில் வெள்ளி படியாமல் கண்ணாடியாக இருக்கிற இடத்தில் எடுக்க ஒண்ணுமே இல்லை.

டி-மேக்ஸில் ஒரு தொந்தரவு, டெவலப் பண்ணுகிற நேரத்துக்கும் சூட்டுக்கும் அது ரொம்ப ரோஷக்காரி. புத்தகங்கள் 20 டிகிரி என்று எழுதுகின்றன. மே மாசம் எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி 32. சூடு கூடினால் நேரம் சுருங்கும், அஞ்சு நிமிஷத்துக்குக் கீழே போனால் தாளில் திட்டுத்திட்டாக வரும். ஐஸ்கட்டியை பாலிதீன் பையில் கட்டி வெளித்தொட்டியில் போட்டு 24-க்குக் கொண்டுவந்து, டெவலப்பரில் தண்ணியைக் கூட்டி நேரத்தை நீட்டிக்கொள்கிறேன். டெவலப்பர் டி-76, நானே கலக்குவது. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, வெண்காரம் 2. முக்கால் லிட்டர் சூடான தண்ணியில் இதே வரிசையில் ஒன்று கரைந்தபின் ஒன்றாகப் போட்டு, பிறகு லிட்டருக்கு நிரப்பணும். பள்ளிக்கூட லேபுக்குச் சாமான் போடுகிற கடையில் எல்லாம் கிடைக்கிறது. தாளை ஹோல்டரில் செருகுவது கும்மிருட்டில். மூலையில் ஒவ்வொரு பிலிமுக்கும் ஒரு வெட்டு அடையாளம் உண்டு. வெட்டு மேலே வலது பக்கம் விரலில் பட்டால் மருந்து பூசின பக்கம் நம்மைப் பார்க்கிறது. இந்த பிலிமா அந்த பிலிமா என்பதையும் வெட்டைத் தடவித்தான் சொல்லணும்.

காசு பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வெளியிலிருந்து வந்து என் கைக்குச் சேரும்போது ஒரு டி-மேக்ஸ் தாளின் அடக்கம் உப்பளத்தில் ஏறக்குறைய அரை நாள் கூலி. ஊட்டியில் 1960-ல் ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்று பேர் வைத்துக் கருப்பு வெள்ளை பிலிம் போட்டுக்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டார்கள். இப்போது செக் நாட்டின் ஃபோமாபான்தான் மலிவு. அதனால் ஒரு காலைக்கு நாலு தாளுக்கு மேல் எடுப்பதில்லை. அக்காமார்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு, யார் வர்றா, யார் வேண்டாங்கறா என்று கேட்டுவிட்டுத்தான் முக்காலியை விரிப்பேன். கங்காணி வந்து என்னம்மா ஆராய்ச்சி என்று கேட்டுவிட்டுப் போவார். கொட்டகை வாசலில் இருந்து ரெண்டு முழம் உள்ளே தள்ளி உட்கார்ந்தால் வெளி உப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் ஏறும். மீட்டரில் ரெண்டு ஸ்டாப் கூடக் காட்டும். அப்ப ஒன்பது ஏழாகி, எச்பி5-ஏ போதும். ஆனால் அந்த இடத்தில் கண்ணும் கூசும். கூச்சத்துக்குப் பயந்துதானே அவர்கள் உள்ளே தள்ளி உட்காருகிறார்கள். வெளியே வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆகவே டி-மேக்ஸ்.

அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணி, மூணு மாசம் வேலை கிடையாது. அம்பாரத்தை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிவிடுவார்கள். மூட்டம் போட்ட நாளில் மீட்டர் மொத்தமே நாலு ஸ்டாப்தான் காட்டும். அதுக்கு டெவலப்பைக் கூட்டணும், குறைக்கக் கூடாது. ஆள் இல்லாத கொட்டகையைப் படம் எடுக்க ஒரு செகண்டு என்ன, பத்து செகண்டும் காத்திருக்கலாம். பத்து செகண்டு என்று மீட்டர் சொன்னால் ஃபோமாபான் 100-க்கு எட்டு மடங்கு, எண்பது செகண்டு கொடுக்கணும். அந்தத் தாளில் மீதி பதினோரு தாளை அதுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்.